ராவுத்தர் வீட்டுக் கல்யாணமும் ஒரு பெட்டி கண்ணாடியும்

சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கின் முன்னால் குந்தியிருந்தேன். மதுரைக் கோரிப்பாளையத்தில் தாவூது ராவுத்தர் வீட்டு அரிசி அறை அது. ஜன்னலில் கம்பளி தொங்கியது. கதவிடுக்கில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்திருந்தோம். வெளியே நல்ல வெயில் நேரம். ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளே வரக் கூடாது என்பதால் காற்றும் வரவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. நெய்ச்சோற்று வாசனையும் மருந்து நெடியும் கலந்து அறைக்குள் நின்றது.

முன்னால் பீங்கான் தட்டு. அதில் மருந்துக்குள் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் கல்யாணப் பெண்ணின் உருவம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நெற்றிச்சுட்டி, மூக்கு, உதடு. நன்றாக விழுந்திருக்கிறது என்று மூச்சு விடப் போனேன்.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். பாலில் ஏடு விலகுகிற மாதிரி, கண்ணாடி மேல் பூசியிருந்த மருந்துப் படலம் மூலையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு எஜமானி ஹலீமா பீவி கேட்டார்: "என்ன புள்ள, ஒரேயடியா அசையாம இருக்க?"

கிளம்பிய மூலையை விரலால் அழுத்திப் பிடித்தேன்.

பாஸ்போர்ட்டுப் படம் எடுத்து வயிறு வளர்த்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் படித்துவிட்டு, "அப்புறம் பெரிய வீட்டு வேலைகள் எப்படி அம்மா வந்தன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்த அரிசி அறை வழியாகத்தான் வந்தன. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

சலிசான விலை

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, மேலமாசி வீதியில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் கண்ணாடி கழுவும் ஆளாகச் சேர்ந்து, படம் எடுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு தனியாக வந்தவர். சிம்மக்கல்லில் ஒரு எண்ணெய்க் கடைக்கு மேலே மாடி அறை. கூரையில் பாதியைப் பிரித்துவிட்டு வெளிச்சத்துக்காக மங்கல் கண்ணாடி போட்டிருந்தார். பின்பக்கம் இருட்டறை. அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

அவர் எடுப்பார். நான் கழுவுவேன், அச்சுப் போடுவேன், முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் பென்சில் முனையால் நிரவுவேன். என் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும்.

வாசலில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'சலிசான விலையில் படம் பிடிக்கப்படும்.' அந்தப் பலகையைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் அதைவிடச் சலிசாகக் கேட்டார்கள்.

சிலோனுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறுகிறவர்கள் வருவார்கள். செத்தவர்களைப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்கார வைத்துத் தாடையைத் துணியால் கட்டியிருப்பார்கள். உசிலம்பட்டி சந்தையில் ஒருவர் தன் காளையைப் படம் எடுக்கச் சொன்னார். கொம்பு நுனியும் விழ வேண்டும், வால் நுனியும் விழ வேண்டும். அது ஈயை விரட்ட வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், "என் மாடு இம்புட்டு மெலிவு இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டி. கல்லுப்பட்டியில் கதர் உடுத்திய ஒரு பெரியவர், கேமரா முன்னால் உட்கார்ந்தபின் இது ஆடம்பரம் என்று தோன்றி, பாதியில் எழுந்து போனார்.

ஒவ்வொன்றும் ஒரு கதைதான். ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு அரிசி உண்டா என்று மத்தியானமே பார்க்க வேண்டியிருந்தது.

பெரிய வீட்டு வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்பார் அவர். "ஒரு வீட்டுக் கல்யாணம் பிடிச்சிட்டோம்னா அந்தச் சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் நம்மகிட்ட வருவாங்க சீனி." என் பெயர் சீனியம்மா.

பின்வாசல்

ஒருமுறை அப்படி ஒரு வீடு கிடைத்தது போலத்தான் இருந்தது. தெற்குப் பக்கம் ஒரு நூல் வியாபாரி வீடு. மருமகளைப் படம் எடுக்க வேண்டும், சேலை மடிப்பைச் சரிசெய்ய ஒரு பெண் கூட இருந்தால் நல்லது என்றார்கள். அவர் என்னையும் கூட்டிப் போனார்.

அந்த வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு எந்த ஊரு?" என்றார்.

"உசிலம்பட்டிப் பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். எங்கள் தெருவுக்கு ஊருக்குள் தனிப் பெயர் உண்டு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

சொன்னேன். என்னை மாட்டுக் கொட்டடிப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் அவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம், சொல்லி அனுப்புகிறார்களாம்.

அதிலிருந்து பெரிய வீடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த மாட்டுக் கொட்டடிதான் கண்ணில் வரும்.

காதர் பாய் கொண்டுவந்த சேதி

சீமையில் இரண்டாம் உலகச் சண்டை தொடங்கியிருந்த காலம். மருந்து, காகிதம், கண்ணாடி எல்லாமே கிடைப்பது அரிதாகிக்கொண்டு வந்தது. எங்களிடம் படம் எடுக்கும் கண்ணாடியில் பிரிக்காத பெட்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அப்போது காதர் பாய் மாடியேறி வந்தார். முன்பு எங்களிடம் பாஸ்போர்ட்டுப் படம் எடுத்துக்கொண்டவர். படத்தில் கண் மூடியிருக்கிறது என்று என் வீட்டுக்காரரே கூப்பிட்டு, காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்திருந்தார். காதர் பாய் கடைசியில் கப்பல் ஏறவில்லை. கோரிப்பாளையத்தில் தாவூது ராவுத்தரின் தோல் மண்டியில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்துவிட்டார்.

"வேலுச்சாமி அண்ணே, எங்க மொதலாளி மகளுக்குக் கல்யாணம். மூத்த மகன் யூசுபு பினாங்குல இருக்காரு. கப்பல் நெலவரம் சரியில்ல, வர முடியாது. அம்மாவையும் தங்கச்சிமாரையும் படத்துலயாவது பாக்கணும்னு சொல்லிவிட்டிருக்காரு. மேலமாசி வீதி ஸ்டூடியோக்காரங்க வந்து பேசிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்க."

என் வீட்டுக்காரர் உடனே வேட்டி மாற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் ஒரு தினுசாக இருந்தது.

"ஏ சீனி, வேலை கெடைச்ச மாதிரிதான்."

"கெடைச்ச மாதிரின்னா?"

"அந்த வீட்டுப் பொம்பளைங்க வெளி ஆம்பள முன்னால வர மாட்டாங்க. பெரிய ஸ்டூடியோக்காரன், நடுவுல திரை கட்டி, திரையில ஓட்டை போட்டு எடுக்கிறேன்னு சொல்லியிருக்கான். ராவுத்தருக்கு அது பிடிக்கல. ஓட்டைக்குப் பின்னால ஒரு ஆம்பளக் கண்ணுதானேங்கிறாரு."

"அப்ப?"

"என் சம்சாரம் எடுப்பான்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அதுவரை நான் ஒரு படமும் தனியாக எடுத்ததில்லை. அவர் பக்கத்தில் நின்று 'இப்போ' என்றால் லென்ஸ் மூடியைக் கழற்றுவேன், 'போதும்' என்றால் மாட்டுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த படம் எடுத்தல்.

"ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கல்யாணம் மறுபடி நடக்குமா? விழலேன்னா என்ன செய்வீங்க?"

"விழும்."

"யாரு சொன்னா?"

அவர் கேமராப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். அவருக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்தது. அது என் பயத்தை இன்னும் கூட்டியது.

அன்றிலிருந்து பழகினேன். கண்ணாடியை வீணாக்க முடியாது என்பதால் வெறும் கேமராவில்தான் பழக்கம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் உலகம் தலைகீழாகத் தெரியும். மொட்டை மாடியில் எண்ணெய்க் கடைக்காரரின் ஆட்டைக் கட்டி வைத்து, அது தலைகீழாக நின்று தழை தின்பதைத் தெளிவாக்கித் தெளிவாக்கிப் பார்த்தேன். மூடியைக் கழற்றி, எண்ணி, மாட்டுவேன். அடுப்படியில் இருக்கும்போதும் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

"யாரு பார்ப்பா?"

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஹலீமா பீவி என்னைப் பார்க்க வேண்டும் என்றார். ஜட்கா வண்டி பிடித்து, வைகைப் பாலம் தாண்டிப் போனோம். என் வீட்டுக்காரர் முன்வாசலோடு நின்றுகொண்டார். என் கையில் ஒரு ஆல்பம். எங்கள் ஸ்டூடியோவில் எடுத்ததிலேயே நல்ல படங்களாகப் பொறுக்கி ஒட்டியிருந்தார். "இதைக் காட்டு. மத்ததை அது பேசும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஹலீமா பீவி உள்முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு. முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முன்முடி முழுக்க வெள்ளை. என்னைக் கட்டிலின் மறுமுனையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் தயங்கி நின்றேன்.

"எந்த ஊரு புள்ள?"

"உசிலம்பட்டிப் பக்கம்மா."

"ஒங்க அப்பா என்ன செய்றாரு?"

"கூலிக்கு ஏர் ஓட்டுவாரு." சொல்லிவிட்டு வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

"மழை இல்லாத சீமை. கஷ்டந்தான்" என்றார். பிறகு, "எம்புட்டு நேரம் நிப்ப? உக்காரு" என்று அதட்டினார். உட்கார்ந்தேன்.

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. என் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். உள்ளே ஒளித்து வைக்கிற மாதிரி சின்னக் கேமரா ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டினார். நான் பக்கத்துக்குப் பக்கம் விளக்கிக்கொண்டு வந்தேன். ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு வீட்டுப் பொண்ணு? லட்சணமா இருக்கு."

வாய் நிறையச் சொன்னேன்: "இது தல்லாகுளத்துல ஒரு காண்டிராக்டர் வீட்டு மருமகம்மா."

ஹலீமா பீவி ஆல்பத்தை மூடினார்.

"அவுக வீட்டு மருமகளை நான் பாத்துட்டேன். அவுகளுக்குத் தெரியுமா?"

நான் ஆல்பத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு நீ இன்னொரு வீட்டுக்குப் போவ. இதே மாதிரி மடியில வச்சு விரிப்ப. அப்ப எம் மகளை யாரு பாப்பா?"

அந்தக் காலத்தில் படம் முதலில் கண்ணாடியில்தான் விழும். கண்ணாடி எவரிடம் இருக்கிறதோ அவர் எத்தனை பிரதி வேண்டுமானாலும் காகிதத்தில் அச்சுப் போட்டுக்கொள்ளலாம். அது ஸ்டூடியோக்காரரிடம்தான் இருக்கும். பிரதி கேட்டு மறுபடி மறுபடி வருவார்கள்; அதுதான் பிழைப்பே. ஹலீமா பீவி இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸ் எந்தத் தேசத்துச் சரக்கு என்று மணிக்கணக்காகச் சொன்னார்களாம். கண்ணாடி எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, பத்திரமாக இருக்கும் என்றார்களாம்.

"பத்திரம்னா யாருக்குப் பத்திரம்?" என்றார் என்னைப் பார்த்து.

வேலை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. வாசலில் நிற்கும் என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய் என்ன சொல்வதென்று கேட்கவும் வழியில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கண்ணாடி அம்புட்டையும் உங்ககிட்டயே குடுத்துர்றேம்மா. எங்க ஸ்டூடியோவுக்கே கொண்டுபோகல. இந்த வீட்லயே ஒரு அறையை இருட்டாக்கிக் குடுங்க. இங்கயே கழுவுறேன், உங்க மாடியில வெயில்ல வச்சு அச்சுப் போட்டுத் தாரேன். நீங்க பக்கத்துலயே இருந்து பாருங்க."

ஹலீமா பீவி வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார்.

"ஒன் வீட்டுக்காரரு இதுக்கு ஒத்துக்கிருவாரா?"

"அவரு என்னைக் கேக்காமத்தான் இந்த வேலையை ஒத்துக்கிட்டு வந்தாரு."

அவர் சிரித்ததில் கட்டில் குலுங்கியது.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வண்டியில் வரும்போதே கோபம் பொங்கியது. "கண்ணாடியைக் குடுத்துட்டா நமக்கு என்ன இருக்கு? பெரிய வீட்ல எடுத்தோம்னு எதைக் காட்டி அடுத்த வேலை பிடிக்கிறது? அடி மடியிலயே கை வச்சுட்டியே."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பாலத்துக்குக் கீழே வண்ணார்கள் துணி உலர்த்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சர்பத்துக்குப் போன ஐஸ்

கல்யாணம் கோடை உச்சத்தில் வந்தது. மதுரை வெயிலில் கண்ணாடி கழுவுவது பெரிய பாடு. தண்ணீர் சூடாக இருந்தால் மருந்துப் படலம் இளகிக் கண்ணாடியை விட்டு நழுவிவிடும். அதனால் என் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனிக்குப் போய், ஒரு பாளம் ஐஸை மரத்தூளில் புதைத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ராவுத்தர் வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால், நிழலில் வைத்தோம். அதோடு அவர் பெண்கள் பக்கத்து வாசலைத் தாண்ட முடியாது. ஆண்கள் பந்தலுக்குப் போய்விட்டார்.

உள்முற்றத்தில் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் கேமராவை நிறுத்தினேன். சுற்றிலும் பட்டும் ஜரிகையும் அத்தர் வாசனையும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கல்யாணப் பெண்ணின் தங்கை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஓடி, கேமராவின் காலில் இடறினாள். எனக்கு உயிர் போய் வந்தது.

கல்யாணப் பெண் மைமூனைத் தனியாக எடுத்தேன். பிறகு ஹலீமா பீவியை நடுவில் உட்கார வைத்து, மகள்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். பிறகு பெரியம்மாமார், சித்திமார். கண்ணாடி ஒன்றை மட்டும், ஹலீமா பீவியிடம் சொல்லிவிட்டு, கைகாவலாக வைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டு ஒரு தூணோரம் சாய்ந்தேன். வாட்டசாட்டமான ஒரு மாமி என் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார். "குடிம்மா. நீயும் வேகாத வெயில்ல நிக்கிற."

நன்னாரி சர்பத். ஒரே மடக்கில் பாதியைக் குடித்தேன். பல்லில் சில்லென்று ஏதோ பட்டது.

"ஐசு ஏதும்மா?"

"யாரோ புண்ணியவான் மூட்டையாக் கொண்டாந்து சமையல்கட்டுல வச்சிருக்காக. ராவுத்தர் ஏற்பாடாத்தான் இருக்கும். வந்த சனத்துக்கெல்லாம் குடுத்தாச்சு."

சமையல்கட்டுக்கு ஓடினேன். சாக்கு சப்பையாகக் கிடந்தது. நனைந்த மரத்தூளில் ஒரு காக்கை கிளறிக்கொண்டிருந்தது.

மைமூனைச் சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அதற்குள் ஒரு கண்ணாடியையாவது கழுவிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது. புதுப் பானையில் ஊறிய தண்ணீரை வாங்கிக்கொண்டு, அது போதும், அது போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அரிசி அறைக்குள் போனேன். சொன்னபடி பக்கத்திலேயே இருக்க ஹலீமா பீவியும் வந்தார்.

நழுவிய முகம்

அது போதவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைமூனின் நெற்றிச்சுட்டி மடங்கியது. கண்கள் சுருங்கின. முகம் முழுவதும் கண்ணாடியை விட்டு வழுக்கி, மருந்துத் தண்ணீரில் ஒரு கிழிந்த துணி போல மிதந்தது.

"போச்சும்மா" என்றேன்.

"என்ன போச்சு?"

"பொண்ணோட படம். சூட்டுல உருகிப் போச்சு. ஐசு வச்சிருந்தேன். சர்பத்துக்கு எடுத்துட்டாங்க."

சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. வெளியே பந்தலில் என் வீட்டுக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். நூல் வியாபாரி வீட்டுப் பின்வாசல் ஞாபகம் வந்தது. கேமராவை மடக்க எத்தனை நேரம் ஆகும் என்று யோசித்தேன்.

"மத்ததும் இப்படித்தான் போகுமா?"

"படிகாரம் இருந்தா நிக்கும்மா. படிகாரத் தண்ணியில முக்குனா படலம் இறுகிக்கிரும்."

"ஆத்துத் தண்ணி தெளியவைக்க அரைப்படி கெடக்கு. அதை மொதல்லயே கேக்குறதுக்கென்ன?" என்று எழுந்தார். மீதிக் கண்ணாடிகள் பெட்டிக்குள் மூடி இருந்ததால் கதவைத் திறக்கலாம். அவரே போய் ஒரு கிண்ணத்தில் படிகாரத்தைப் பொடித்துக் கொண்டுவந்தார்.

மறுபடி கதவை அடைத்தோம். இரண்டாவது கண்ணாடியை முதலிலேயே படிகாரத் தண்ணீரில் காட்டி, பிறகு மருந்தில் இறக்கினேன். ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருவம் ஏறியது. ஓரம் கிளம்பவில்லை. இன்னும் ஏறியது. நின்றது.

ஹலீமா பீவி என் தோள்மேல் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் எல்லாம் மாறித்தான் தெரியும். வெளுப்பு கறுப்பாகும், கறுப்பு வெளுப்பாகும்.

"இது யாரு, நானா?"

"ஆமாம்மா."

"மொகம் கறுத்துப் போச்சே." இன்னும் குனிந்து, "மசுரும் கறுத்திருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "யூசுபு கப்பலேறுன அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஒரு நரை கெடையாது."

"காகிதத்துல போட்டா திரும்பிரும்மா. வெள்ளையாத்தான் வரும்."

"வரட்டும். அவனும் பாக்கட்டும்."

எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "கைகாவலுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்னியே, எடு. எம் பொண்ணு இன்னும் இந்த வீட்லதான் இருக்கா."

வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். மைமூன் அழுது அழுது கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. ஒருத்தி துடைத்தாள். முற்றத்தில் வெயில் சுவர்மேல் ஏறிவிட்டது. இந்த வெளிச்சத்துக்கு நீண்ட நேரம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரம் அவள் அசையக் கூடாது. அவளோ விம்மிக்கொண்டே இருந்தாள். நான் துணிக்குள்ளிருந்து தலைகீழாக அந்த விம்மலைப் பார்த்தேன்.

ஹலீமா பீவி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மைமூனு, இங்க பாரு. இந்தப் பொட்டிக்குள்ள ஒங்க அண்ணன் இருக்கான்னு நெனச்சுக்க. அழுத மொகத்தையா அவனுக்குக் காட்டப் போற?"

அவள் நிமிர்ந்தாள். மூடியைக் கழற்றினேன். அன்று நான் எண்ணியது போல வாழ்நாளில் எண்ணியதில்லை.

ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் மறுநாள் கழுவியிருந்தால், கெட்டது மறுநாள்தான் தெரிந்திருக்கும். பெண் போயிருப்பாள். இதை என் வீட்டுக்காரரிடம் பிறகு சொன்னபோது, "ம்" என்றார்.

உடைத்தது

அடுத்த சில நாட்கள் ராவுத்தர் வீட்டு மொட்டை மாடியில் காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து வெயிலில் காட்டி அச்சுப் போட்டேன். மைமூனின் படத்தில் கண் ஈரம் தெரியும். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேட்ட பிரதிகள் முடிந்ததும் ஹலீமா பீவி கண்ணாடிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுவரச் சொன்னார். அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, கல்லில் வைத்து அடித்தார். மைமூனின் கண்ணாடி வந்தபோது நான் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டேன். துண்டுகளை மருதாணிச் செடிக்கு அடியில் ஆழமாகப் புதைத்தார்.

"வருத்தமா?" என்றார் கையைக் கழுவியபடி.

"ஆமாம்மா."

"இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, பேசிய கூலியோடு ஒரு புதுச் சேலையும் கொடுத்தார்.

படம் பினாங்கு போய்ச் சேர்ந்ததைக் காதர் பாய் வந்து சொன்னார். அம்மா இளைத்துவிட்டார்களே என்று மகன் கவலைப்பட்டாராம். "நான் எங்க இளைச்சேன், அந்தப் புள்ளயோட கண்ணாடி செஞ்ச வேலை" என்று ஹலீமா பீவி சத்தம் போட்டாராம். அதற்குப் பிறகு சண்டை கிழக்கே பரவி, கடல் வழி அடைந்துபோனது. சண்டை முடிந்து யூசுப் ஊர் வந்து சேரும்வரை, அந்த வீட்டுக்கு அவரிடமிருந்து சேதியே இல்லை.

காஜிமார் தெரு வண்டி

எங்களுக்கு அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வேலையே வரவில்லை. கண்ணாடி தீர்ந்துவிட்டது. பெரிய வீட்டில் எடுத்தோம் என்று வாயால் சொன்னால், காட்டு என்றார்கள். எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. என் வீட்டுக்காரர் என்னைக் குத்திக்காட்டவில்லை. காலையில் எழுந்து காலிப் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்குவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது, திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

ஒரு முற்பகலில் எண்ணெய்க் கடை வாசலில், திரை கட்டிய வில்வண்டி வந்து நின்றது. துப்பட்டி போர்த்திய ஒரு அம்மாள், வேலைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று இருட்டறைக்குள் போய்விட்டார்.

"காஜிமார் தெருவுலருந்து வாரோம். ஜவுளிக்கடை வீடு. தாவூது ராவுத்தர் வீட்ல படம் எடுத்தது நீதானா?"

"ஆமாம்மா."

"அதைக் காட்டு பாப்போம்."

"எங்கிட்ட இல்லம்மா. கண்ணாடியும் இல்ல, காகிதமும் இல்ல."

"ஒரு பிரதியாவது ஒளிச்சு வச்சிருப்ப. படம் எடுக்கிறவ வைக்காம இருப்பாளா?"

"இல்லம்மா."

"சரி, வாயாலயாவது சொல்லு. பொண்ணு கொஞ்சம் கறுப்பாமே? பல்லும் தூக்கலாமே?"

இருட்டறைக்குள் அவர் இருமினார். எதையாவது சொல்லி இந்த அம்மாளை நிறுத்து என்று அர்த்தம். எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. அன்றைக்கு அடுப்பில் கஞ்சிதான் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் மைமூனின் முகத்தைப் பற்றி இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"அதெல்லாம் சொல்றதுக்கில்லம்மா. வேற ஏதும் வேணும்னா கேளுங்க."

அந்த அம்மாள் திரும்பினார். வேலைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். ஒரு படி இறங்கினார், இன்னொரு படி இறங்கினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதிப் படியில் நின்று, தலையை மட்டும் திருப்பினார்.

"எங்க வீட்ல மூணு மருமக இருக்காளுக. அவளுகளைப் பத்தியும் நீ இப்படித்தான் வாயைத் தெறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வண்டி அனுப்புறேன். இருட்டறைக்குக் கம்பளி போதுமா, வேற ஏதும் வேணுமா?"

"படிகாரம்" என்றேன். "ஐசும் வேணும்மா. ஆனா அதை நானே பூட்டி வச்சுக்கிருவேன்."

வண்டி நகர்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் இருட்டறையை விட்டு வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கண்ணாடி?" என்றேன்.

"தேடணும்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கி ஓடினார்.